குளக்கரையும் எண்டெவரும்

கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் கப்பம் வாங்க ஆரம்பித்திருந்த காலம் அது. ஆவரங்காடு என்ற சிறு நாட்டைக் கூத்தபெருமாள் பூபதி என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். என்ன, எந்தக் காரியத்தையும் நாளைக்குத் தள்ளிவைப்பார். அவரிடம் மந்திரியாக இருந்தே திருமலைக்கொழுந்துக்குத் தலை நரைத்துவிட்டது. முழங்கால் வலி வேறு. சொந்த ஊருக்குப் போய் மனைவியோடு இருக்கிறேன், விடை கொடுங்கள் என்று வருஷம் தவறாமல் கேட்பார். வருஷம் தவறாமல் ஒரே பதில்தான் வரும்.

அந்த வருஷம் பெரிய குளத்தின் கரை உடைந்துபோனது. மழைக்கு இரண்டே மாதம். அதற்குள் கரை நிற்காவிட்டால் மூன்று ஊர் வயலும் காயும். கப்பம் வாங்குகிறவர்கள் கைகொடுக்கட்டும் என்று கும்பினி துரைக்கு எழுதினார்கள். கரையைக் கட்டித்தர 'எண்டெவர்' செய்கிறோம் என்று இங்கிலீஷில் பதில் வந்தது.

சபையில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மந்திரியும் வரதப்பரும்தான். வரதப்பருக்கு மந்திரி பதவி மேல் ஒரு கண். அவர் முந்திக்கொண்டு, எண்டெவர் என்றால் உயிரைக் கொடுத்தாவது முடிப்பது, இனி நம் ஆட்கள் மண் சுமக்க வேண்டாம் என்றார். ராஜாவும் குளிர்ந்துபோய்க் குளத்து வேலையை நிறுத்தச் சொன்னார்.

மந்திரிக்கு அலுத்துப்போனது. எப்படியோ போகட்டும் என்றுகூட நினைத்தார். ஆனால் மூன்று ஊர் ஜனங்களை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அந்த வார்த்தைக்குப் பொருள் பிறகு சொல்கிறேன், மகாராஜா. என் பழைய விண்ணப்பம் என்ன ஆயிற்று?"

"அதற்குத்தானே முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்," என்றார் ராஜா, வெற்றிலையை மடித்தபடி.

"எத்தனை வருஷமாக?"

"ஆறு இருக்குமா?"

"அதுதான் எண்டெவர். அகராதியில் முயற்சி என்றே போட்டிருக்கும். உழைக்கிறவன் சொன்னால் மண்வெட்டியை எடுத்துவிட்டான் என்று அர்த்தம். மேலே இருப்பவர்கள் சொன்னால் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு நேரே குளத்துக்குப் போனார். உயிரைக் கொடுத்து வேலை செய்வது எப்படி என்று காட்டச் சொல்லி, வரதப்பர் தலையில் மண்கூடையை ஏற்றினார். மழைக்கு நாலு நாள் முன்னால் கரை நின்றது. அன்றைக்கே மந்திரிக்கு விடையும் பல்லக்கும் கிடைத்தன.

ஊரில் வீட்டு வாசலில் அவர் மனைவி உலகம்மாள் நின்றிருந்தாள். "இனிமே ராசா கூப்பிட்டாலும் போகாம இருப்பீகளா?" என்று கேட்டாள்.

"முயற்சி..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "போகமாட்டேன்," என்று சொல்லி, பல்லக்கைத் திருப்பி அனுப்பினார்.