எந்தப் படியில் கூலியாள்?

முன்னொரு காலத்தில், மழைக்குக் குறைவில்லாத ஒரு நாட்டில், சிக்கனத்துக்கும் குறைவில்லாத ஒரு ராஜா இருந்தார். ஒரு தெரு முழுக்க அரண்மனைக்குச் சொந்தமான ஓட்டு வீடுகள். எல்லாவற்றிலும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். ஒரு மழைக்காலத்தில் ராஜாவுக்கு யோசனை ஒன்று தோன்றியது. "கொத்தனுக்கு எதற்குத் தண்டக் கூலி? குடியிருப்பவனே ஓடு மாற்றட்டும். கூலியை வாடகையில் கழித்துவிடுவோம்."

கருவூலத் தலைவர் திருமேனிநாதருக்கு வாயெல்லாம் பல். கழித்த வாடகையும் கூலிதானே, கூலிக்கு வரி உண்டே என்று அதில் ஆறில் ஒரு பங்கைக் கறந்துகொண்டார். சரி, அதுகூட நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஜனங்களும் முணுமுணுத்தபடி கொடுத்தார்கள்.

ஒருநாள் கயிறு திரிக்கும் ஆண்டியப்பன் ஓடு மாற்றும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். அரண்மனை வேலையில் அடிபட்டவன் எழுந்து நடக்கும்வரை அவன் வீட்டுக்கு அரண்மனை நெல் அளக்கும். அது அந்நாட்டு வழக்கம். திருமேனிநாதரோ கையை விரித்துவிட்டார்.

பக்கத்து வீட்டில் குடியிருந்தவன் அரசவை விகடன் வெள்ளியம்பலம். ஆண்டியப்பன் மனைவி பூவாயி அவனிடம் வந்து அழுதாள்.

"கூரை மேல இருந்தவரைக்கும் அவரு அரண்மனைக் கூலியாளாம், அதுக்கு வரி உண்டாம். ஆனா கால் முறிஞ்சது தரையிலதானாம். தரையில அவரு வெறும் குடித்தனக்காரராம், நெல்லு கிடையாதாம். முழு வாடகையக் குடு, இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணுன்னு கருவூலத் தலைவரு சொல்றாரு. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான் எங்கண்ணே போவேன்?"

வெள்ளியம்பலம் அவளைத் தேற்றி அனுப்பினான். மறுநாள் சபையில் இதைச் சொல்ல வாயெடுத்தான். அவனைக் கண்டாலே ஆகாத திருமேனிநாதர் முந்திக்கொண்டார்.

"பிரபு, விகடன் வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது. தெருவெல்லாம் ஏறியாயிற்று, இவர் மட்டும் ஏறவில்லை. நாளை தங்கள் முன்னிலையிலேயே இவர் ஓடு மாற்றட்டும்."

ஏணி என்றாலே வெள்ளியம்பலத்துக்குத் தொடை நடுங்கும். அது சபைக்கே தெரியும். ராஜாவுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை வந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

மறுநாள் தெருவே கூடியது. வெள்ளியம்பலம் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினான். ஓடு மாற்றினான். அப்புறம் கூரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் இறங்கவில்லை?" என்றார் ராஜா.

"ஒரு சந்தேகம், பிரபு. கூரையில் நான் தங்கள் கூலியாள், தரையில் வெறும் குடித்தனக்காரன். ஆண்டியப்பன் விஷயத்தில் கருவூலத் தலைவர் சொன்ன தீர்ப்பு இது. நடுவில் எந்தப் படியில் ஆள் மாறுகிறான் என்று அவர் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுத் தரட்டும். கோட்டுக்கு மேலேயே விழுந்துகொள்கிறேன். என் வீட்டுக்காவது நெல் வரும்."

ராஜா மீசையைத் தடவினார். "நியாயமான சந்தேகம்தான். ஏறிக் கோடு போடுங்கள், திருமேனிநாதரே."

அவர் சுண்ணாம்புக் கட்டியோடு பாதி ஏணி ஏறியிருப்பார். மழையில் ஊறிய மூங்கில் கிறீச்சென்றது. கட்டி நழுவிக் கீழே போயிற்று. அவர் ஏணியைக் கட்டிக்கொண்டார்.

வெள்ளியம்பலம் ஏணியின் நுனியில் மெல்லக் கை வைத்தான். "தாங்களும் அரண்மனை வீட்டில்தானே குடியிருக்கிறீர்கள், ஐயா? இப்போது விழுந்தால் தங்களை யாரென்று வைத்துக்கொள்வது?"

"அரண்மனை ஆள்தானப்பா. மேலே, நடுவிலே, தரையிலே, எங்கே விழுந்தாலும் அரண்மனை ஆள்தான். யாராவது ஏணியைப் பிடியுங்களேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "இனி அவர் வாக்கே சட்டம். வரி கட்டியவனுக்கு நெல்லும் உண்டு. ஆண்டியப்பன் நடக்கும்வரை அவனிடம் வாடகை கேட்கக் கூடாது." அன்று மாலையே பூவாயி வீட்டில் உலை கொதித்தது.

அதற்குமுன் இன்னொன்று நடந்தது. சிரிப்பு அடங்காத ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிக் கூரைக்கு வீசினார். ஒருவழியாக இறங்கித் தரையைத் தொட்ட திருமேனிநாதருக்குப் பழக்கதோஷம் விடவில்லை. "பிரபு, அது கூலியானால் அதற்கும் வரி..." என்று இழுத்தார்.

"தாராளமாகத் தருகிறேன், ஐயா. மேலே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றான் வெள்ளியம்பலம்.

திருமேனிநாதர் ஏணியைப் பார்த்தார். வீட்டைப் பார்த்து நடந்தார். வெள்ளியம்பலத்தைக் கீழே இறக்கத்தான் அரண்மனை ஆட்களை அனுப்ப வேண்டியிருந்தது.