காதில் ஏறிய கைப்பொத்தான்

கைப்பொத்தானைக் காதில் மாட்டிக்கொண்டார் ராஜா. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

வெகு காலத்துக்கு முன்னால் மணற்பாடி நாட்டைச் சொக்கேந்திரன் என்றொரு ராஜா ஆண்டார். கோபம் வந்தால் கொடுத்ததைப் பிடுங்குவார். மனம் குளிர்ந்தால் கேட்காததையும் கொடுப்பார். அந்த வருடம் மழை இல்லை. கடலுக்கு அப்பாலிருந்த ராஜாவிடம் தானியக் கப்பல் கேட்டு ஆள் அனுப்பினார். மரியாதைக்கு வெற்றிலைத் தட்டு, பாக்குவெட்டி, எச்சில் துப்பும் படிக்கம், எல்லாம் வெள்ளியில்.

பதிலுக்கு ஒரு பெட்டி வந்தது, தூதர் பின்னால் வருகிறார் என்ற சேதியோடு. உள்ளே ஒரு ஜோடி பழைய நகை. முன்னால் சிவப்புக் கல், பின்னால் தங்கப் பொத்தான், நடுவில் குட்டிச் சங்கிலி. சபையில் ஒருவருக்கும் என்னவென்று தெரியவில்லை. அங்கே சட்டை போட்டவரே கிடையாது.

"தூதர் வரத்தானே போகிறார், அவரையே கேட்டுவிடலாம்" என்றான் மந்திரி பூவராகன்.

மந்திரி பதவிமேல் கண்ணாயிருந்த விருபாட்சன் சிரித்தான். "கடுக்கன்கூடத் தெரியாதவர் நமக்கு மந்திரி. காதில் போட்டுப் பாருங்கள், மகாராஜா."

ராஜாவின் காதில் அப்பாவின் கடுக்கன் இருந்தது. சின்ன வயதில் அப்பா மடியில் கிடந்து அதைத் திருகிக்கொண்டேதான் தூங்கிப்போவார். கொஞ்சம் தயங்கினார். பிறகு கழற்றித் தன் நகைப்பெட்டியில் வைத்தார். புதியது கச்சிதமாக உட்கார்ந்தது. விருபாட்சன் முன்வரிசைக்கு வந்தான். பூவராகன் கடைசித் தூணுக்குப் போனான்.

தூதன் வந்தான். தமிழ் படித்தவன். ராஜாவின் காதைப் பார்த்தான். அடக்கிப் பார்த்தும் முடியவில்லை.

"அது சட்டைக் கையில் மாட்டுவது" என்று தன் மணிக்கட்டைக் காட்டிச் சிரித்தான். "ஊரில் போய்ச் சொன்னால் எங்கள் விருந்து களைகட்டும்."

ராஜாவுக்குக் காது சுட்டது. இவனைச் சிறையில் போட்டால் கப்பல் வராது. சும்மா விட்டால் மானம் போகும். விருபாட்சனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

கடைசித் தூணிலிருந்து பூவராகன் கேட்டான். "பழைய நகையாக இருக்கிறதே, ஐயா. யார் போட்டது?"

"எங்கள் ராஜாவின் அப்பா. அந்தக் கையைப் பிடித்துத்தான் எங்கள் ராஜா நடை பழகினார்."

"எங்கள் ராஜா தன் அப்பாவின் கடுக்கனைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை அதற்குக் கொடுத்தார்."

தூதனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"போகட்டும். நாங்கள் அனுப்பிய சாமான்களில் வாயகன்ற பாத்திரம் ஒன்று இருந்ததே. சுகமா?"

"அதில்தான் எங்கள் ராஜா விருந்தில் சூப் குடிக்கிறார்" என்றான் தூதன் பெருமையாக.

பூவராகன் தூணை விட்டு முன்னால் வந்தான். வெற்றிலை மடித்து ராஜாவிடம் நீட்டினான். ராஜா நிதானமாக மென்றார். சிம்மாசனத்தின் ஓரம் அதே மாதிரி படிக்கம். குனிந்து துப்பினார்.

தூதனின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"காதைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன்" என்றான்.

"சூப்பைப் பற்றி நாங்களும்" என்றான் பூவராகன்.

முதலில் சிரித்தவர் ராஜாதான். பிறகு தூதனும் சிரித்தான். சேர்ந்து சிரித்தவர்கள் சண்டை போடுவதில்லை. கப்பல் வந்தது, ஊரில் உலை கொதித்தது.

ராஜா அப்பாவின் கடுக்கனை மறுபடி போட்டுக்கொண்டார். அது இருந்த பெட்டியில் அந்த இன்னோர் அப்பாவின் பொத்தான்களைப் பத்திரமாக வைத்தார். விருபாட்சனுக்கு முழுக்கைக் கம்பளிச் சட்டை தைக்கச் சொன்னார். பித்தளைப் பொத்தான் மாட்டி, சித்திரை முழுக்க அதில்தான் அவன் சபைக்கு வரவேண்டும்.

கடைசித் தூண் அவனுக்கு. முன்வரிசை, கோணலை நிமிர்த்திய பூவராகனுக்கு.