மருதி மான் வாங்கிய பூட்ஸ்

மேட்டுக்காட்டில் இருந்தது ஒரே ஒரு குளம். அதற்காக மான்களுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் ஓயாத சண்டை. பன்றிகள் முதலில் இறங்கிவிட்டால் தண்ணீர் கலங்கிச் சேறாகிவிடும். அதைக் குடித்து மான்குட்டிகள் வயிற்றுவலியில் துடித்தன. கடைசியில் இரண்டு கூட்டமும் ஒரு முடிவுக்கு வந்தன. குளக்கரையில் லக்ராஸ் ஆட்டம். ஜெயிக்கிறவர்களுக்குக் கோடை முழுக்க முதல் தண்ணீர்!

கழியின் நுனியில் கட்டிய சின்ன வலையில் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, எதிரணியின் கோலுக்குள் வீசவேண்டும். அதுதான் லக்ராஸ். ஓட்டத்தில் மான்களை யார் மிஞ்ச முடியும்? ஆனால் மான்களின் தலைவி மருதிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. காற்று அடித்தால்கூட, யார் அனுப்பியது என்று கேட்பாள்.

தன் அணி முழுவதற்கும் பூட்ஸ் வாங்க அவள் மரங்கொத்தி செம்பனிடம் போனாள். அந்தக் காட்டில் பூட்ஸுக்கு அடியில் வழுக்காமலிருக்க முளை அடித்துத் தருகிறவன் அவன் ஒருவன்தான்.

"எங்க ஆடப்போறீங்க அக்கா? ஈரத் தரையா, காய்ஞ்ச தரையா?" என்று செம்பன் கேட்டான்.

மருதியின் காது விடைத்தது. 'இவனுக்கு எதற்கு இந்த விவரம்? பன்றிகளிடம் போய்ச் சொல்லவா?'

"ஆட்டமெல்லாம் ஒண்ணுமில்ல! பாறைத் திடல்ல சும்மா ஓடிப் பழகத்தான்!"

"அப்போ குட்டை முளை போதும். நெருக்கமா அடிச்சுத் தரேன். ஆனா இதைப் போட்டுக்கிட்டுச் சேத்துல மட்டும் இறங்கிடாதீங்க. சறுக்கிவிட்டுடும்! சேத்துக்கு நீட்டு முளைதான் வேணும்."

மருதி தலையாட்டிவிட்டுப் பூட்ஸ்களை வாங்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அதே யோசனை.

"சேத்துல இறங்காதேன்னு ஏன் சொன்னான்? குளக்கரை ஆட்டம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு! நாம இந்த நல்ல பூட்ஸைப் போட்டுடக் கூடாதுன்னு பன்றிங்கதான் சொல்லிக் குடுத்திருக்கு!" என்றாள் தோழி வேம்பியிடம்.

"குளக்கரையில ஒரு தடவை போட்டு ஓடிப் பாத்துட்டா தெரிஞ்சுடுமே!" என்றாள் வேம்பி.

"பன்றிங்க ஒளிஞ்சு நின்னு பாக்கும்! பேசாம இரு!"

அன்று மாலையே பன்றிகளின் தலைவன் குண்டனும் செம்பனிடம் வந்தான். அதே கேள்வி அவனுக்கும். "குளக்கரையில. ஒரே சேறு. நாங்க வேற கனம்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். நீட்டு முளை பூட்ஸ் கிடைத்தது. எதிரணி யார் என்று செம்பன் கேட்கவில்லை. பூட்ஸ் செய்ய அது தேவையில்லையே!

ஆட்டம் தொடங்கியது. மருதி பந்தை வலையில் ஏந்தினாள். பாய்ந்தாள். திரும்பினாள். நான்கு காலும் நான்கு பக்கம் போக, தொப்பென்று விழுந்தாள். பின்னால் வந்த மான்களும் அவள்மேல் விழுந்தன. பன்றிகளோ நட்டுவைத்த கம்பம்போல நின்று பந்தைப் பிடுங்கிக்கொண்டன.

"பூட்ஸைக் கழட்டிடலாம் மருதி!" என்று வேம்பி கத்தினாள்.

"கழட்டினா அவங்க நினைச்சது நடந்துடும்! யாரும் கழட்டக் கூடாது!"

மான்கள் படுதோல்வி அடைந்தன.

மறுநாள் காலையில் பன்றிகள் ஆனந்தமாகக் குளத்தில் புரண்டன. மருதி கோபத்தோடு செம்பனிடம் ஓடினாள்.

"துரோகி! பன்றிங்க பேச்சைக் கேட்டு எங்களை ஏமாத்திட்டியே!"

செம்பன் திகைத்துப்போனான். பூட்ஸை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"பாறைத் திடல்னுதானே அக்கா சொன்னீங்க? அங்க போட்டு ஓடிப் பாருங்க. ஒரு தரம்கூடச் சறுக்காது!"

மருதி பூட்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தலைகுனிந்து குளத்துக்குத் திரும்பினாள். தாகம் தாங்காமல் அவளுடைய குட்டி கலங்கல் தண்ணீரில் வாய் வைத்திருந்தது. அதைத் தடுக்க அவளால் முடியவில்லை. வேறு தண்ணீர் ஏது?

உதவி கேட்டுப் போன இடத்தில் சந்தேகப்பட்டுப் பொய் சொன்னால், கிடைக்கும் உதவி அந்தப் பொய்க்குத்தான் பொருந்தும், நமக்குப் பொருந்தாது.