ஒன்றாம் எண் அட்டை

"ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்மா. அந்தத் தீர்மானத்தைப் படிக்கவா, வேண்டாமா?"

கேட்டவர் தங்கவடிவேல். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் கட்சியைத் தொடங்கிய ரெண்டு பேரில் ஒருத்தர். இன்னொருத்தர் நெல்லூர் வாசுதேவ ராவ்.

மலை உச்சிக் குடிலில் இருந்தவர் பூரணி அம்மை. தங்கவடிவேலின் மகளை விடச் சின்ன வயசு. குரு என்று போய் நின்றபிறகு வயசை யார் பார்க்கிறார்கள்?

மலையடிவாரக் கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு கூடிவிட்டது. தப்பட்டைச் சத்தம் குடில் வரைக்கும் கேட்டது. எழுபது வயசு மனுஷனுக்கு இருப்பே கொள்ளவில்லை.

"என்ன தீர்மானம்?"

"ராவைக் கட்சியை விட்டு நீக்குற தீர்மானம்."

"அப்படி என்ன செஞ்சுட்டார்?"

"தலைமை அனுமதி இல்லாம ஆள் சேர்த்துட்டான். ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, ஆயிரம் பேர். விதின்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"அந்த விதியை எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? போய்ப் படிங்க."

தங்கவடிவேல் நகரவில்லை.

"முப்பத்தாறு வருஷம்மா. அவன் இல்லாம நான் ஒரு மேடை ஏறினதில்லை. மூணு நாளா சோறு இறங்க மாட்டேங்குது."



"உங்க உறுப்பினர் அட்டை கையில இருக்கா?"

இருக்கா என்று கேட்கவும் வேண்டுமா? சட்டைப்பையிலிருந்து டக்கென்று வெளியே வந்தது. அவர் அதைத் தூக்கிக் காட்டாத ஊர் கிடையாது.

"எண் ஒன்று."

"அதுக்குக் கீழே?"

கீழே படித்துக் காட்ட இதுவரை யாரும் சொன்னதில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சேர்த்தவர் கையெழுத்து. ராவ் போட்டதுதான். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்து எழுதினான். முதல் அட்டை உனக்குத்தான்டான்னான்."

"யார்கிட்ட அனுமதி வாங்கினார்?"

"அனுமதியா? நல்லா கேட்டீங்க போங்க. அன்னைக்குத் தலைமை ஏது, கட்சி ஏது? அவனா ஒரு அட்டையை எடுத்து, அவனா..."



அம்மை மோர் செம்பை நீட்டினார். "வெயில்ல போறீங்க, குடிச்சிட்டுப் போங்க."

மோரைக் குடிக்க ஆள் அங்கே இல்லை. முட்டிவலி என்று டோலியில் ஏறிவந்த மனுஷன், ரெண்டு ரெண்டு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். டோலிக்காரர்கள் காலி டோலியைத் தூக்கிக்கொண்டு, "ஐயா, ஐயா" என்று பின்னாலேயே ஓடினார்கள்.

மண்டபத்தில் மூச்சு விட இடமில்லை. மேடையில் கடைசி நாற்காலியில் ராவ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தங்கவடிவேல் மூச்சிரைக்க வந்து தன் நாற்காலியில் சாய்ந்தார். மைக் அவர் கைக்கு வந்தது. தப்பட்டை நின்றது.

"ராவ் அனுமதி இல்லாம சேர்த்த ஆளுங்க இந்தச் சபையில யாராவது இருந்தா, எழுந்து நில்லுங்க."

ஒருத்தரும் அசையவில்லை. எழுந்தால் ராவோடு சேர்ந்து நாமும் வெளியே என்று எல்லோருக்கும் தெரியும்.

தங்கவடிவேல் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்து நின்றார்.