பூனைக்குள் இன்னொரு துடிப்பு

அருணகிரி இருபத்தாறு வருடம் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தவர். ஐம்பத்து நாலு வயதில் ஸ்கேன் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு கோத்தகிரிக்கு வந்தார். அங்கே நாய், பூனைகளுக்கு ஆஸ்பத்திரி வைத்திருந்த, தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரான டாக்டர் சபூராவிடம் மாணவராகச் சேர்ந்தார். சபூரா அளந்துதான் பேசுவார்.

ஒரு மதியம். மூடுபனி ஜன்னல் கண்ணாடி வரை வந்து நின்றிருந்தது. தையற்கடை வைத்திருக்கும் எஸ்தர், கூடையில் ஒரு சாம்பல் நிறப் பூனையைக் கொண்டுவந்தார்.

"பத்து நாளா படுக்கவே மாட்டேங்குது டாக்டர். முன்னங்காலை விரிச்சுக்கிட்டு உக்காந்தே இருக்கு. செவுத்தையே பாக்குது, அங்க யாரோ நிக்கிற மாதிரி. வீட்டுக்குள்ள போகவே பயமா இருக்கு. ஆனா இதை விட்டா எனக்கு வேற யாருமில்ல."

பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. விலா மட்டும் ஏறி இறங்கியது.

அருணகிரி அதன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். பூனை கண் இமைக்காமல் அவரையே பார்த்தது. இதயம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மௌனம். அவருக்குப் பிடரி சிலிர்த்தது.

"மேடம், இதயத்தையே காணோம்."

"எங்கேயும் போயிருக்காது. ஏதோ தள்ளி வச்சிருக்கு."

"படுக்கவச்சு எக்ஸ்ரே எடுத்துடலாமா?" என்று அவர் பூனையைப் புரட்டக் கை நீட்டினார்.

"படுக்கவச்சா செத்துரும் சார்."

அவர் கை அப்படியே நின்றது.

சபூரா ஆக்சிஜன் குழாயைப் பூனையின் முகத்தருகே பிடித்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு விளக்கை அணைத்து, பூனையை உட்கார்ந்தபடியே விட்டு, விலாவில் ஸ்கேன் கருவியை வைத்தார்.

திரை முழுக்கக் கறுப்பு.

"தண்ணி. நுரையீரலைச் சுத்தி நிக்குது."

அந்தக் கறுப்புக்குள் நுரையீரலின் நுனி ஓர் இலையைப் போல அலைந்தது. வெகு பின்னால், ஒதுக்கப்பட்டு, இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் எலுமிச்சை அளவில் ஓர் உருண்டை. அதுவும் துடித்தது.

அருணகிரி பின்வாங்கினார். "இன்னொரு இதயமா?"

"கட்டி. இதயம் இடிக்கிற இடியில ஆடுது."

இருட்டில் எஸ்தரின் குரல் வந்தது. "உள்ள யாரு இருக்கா டாக்டர்?"



திரையைப் பார்த்தபடியே சபூரா விலா இடுக்கில் ஊசியை இறக்கினார். இளஞ்சிவப்பு நீர் சிரிஞ்சு சிரிஞ்சாக வந்தது. கறுப்பு மெல்லச் சுருங்கியது. பிறகு கட்டியிலிருந்தும் நுனியளவு எடுத்து, இரண்டையும் கண்ணாடித் துண்டுகளில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அருணகிரி குனிந்து பார்த்தார். பெரிய உருண்டை உயிரணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நீரிலும் அதே அணுக்கள், கட்டியிலும் அதே அணுக்கள். எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

"லிம்போமா" என்றார் சபூரா.

எஸ்தரிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. இது நிணநீர்ப் புற்றுநோய். ஊசி மருந்து போட்டால் சில மாதங்கள் கட்டுப்படலாம். பிறகு திரும்ப வரலாம்.

எஸ்தர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆரம்பிங்க டாக்டர்."

அப்போது பூனை கால்களை மடக்கியது. மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்கள் மூடிக்கொண்டன. எஸ்தர் அலறிவிட்டார்.

"தூங்குது" என்றார் சபூரா.

பூனையை ஆக்சிஜன் கூண்டில் விட்டுவிட்டு எஸ்தர் கடைக்குப் போனார். ஸ்கேன் அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். அருணகிரியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மறுபடி தண்ணி சேரும். கிடைக்கிறது சில மாசம். அதுக்கா மேடம் இவ்வளவும்?"

"மூச்சைப் பிடிச்சுக்குங்க சார்."

அவர் பிடித்துக்கொண்டார். சபூரா திரும்பிக்கொண்டு ஸ்கேன் கருவியைத் துடைத்தார். கண்ணாடித் துண்டுகளில் பெயர் எழுதினார். அருணகிரியின் காது அடைத்தது. நெஞ்சு முட்டியது. அறையின் மூலையில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. சபூரா திரும்பவே இல்லை. கடைசியில் தாங்கமாட்டாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து, பெருஞ்சத்தத்தோடு மூச்சை இழுத்தார்.

சபூரா அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார்.

"இந்த மூச்சு எத்தனை நாளைக்கு வரும்னு கேட்டுட்டா இழுத்தீங்க?"