கத்தாத ஆட்டக்காரன்

“நான் பந்தைத்தான் அடிச்சனான், பத்தண்ணை,” என்றான் துவாரகன்.

பத்தண்ணை கோல்கம்பத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“நான் கேக்கேல்லையே,” என்றார்.

குரு என்றால் தாடியும் காவியும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோவார்கள். பத்தண்ணை ஒரு பழைய கோல்காப்பாளர். சுவிஸில் கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் கழகத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறார். துவாரகனை விட ஏழெட்டு வயதுதான் கூட. ஆனாலும் ஒரு சங்கடம் என்றால் துவாரகன் முதலில் இவரிடம்தான் வருவான். மனைவிக்குக்கூடப் பிறகுதான் தெரியவரும்.

துவாரகன் பெரிய உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் பின்வரிசை ஆட்டக்காரன். பன்னிரண்டு வயதில் அகதியாக வந்தவன், முப்பத்துநான்கு வயதிலும் சம்பளத்துக்கு விளையாடுகிறான். கோல் அடிப்பவனுடைய படம் பேப்பரில் வரும். தடுப்பவனுடைய படம், அவன் பிழை விட்டால்தான் வரும்.

போன கிழமை இவனுடைய படம் வந்திருந்தது.

எதிரணியில் யோனாஸ் என்று ஒரு எரித்திரியப் பெடியன். அவனும் அகதி முகாமில் இருந்து வந்தவன்தான். அவன் பந்தோடு வெட்டி ஓடியபோது துவாரகன் குறுக்கே சறுக்கி விழுந்தான். பெடியனுடைய கீழ்க்கால் எலும்பு முறிந்தது. இனி விளையாடுவது கஷ்டம் என்று டாக்டர்மார் சொல்லிவிட்டார்கள்.

நாளைக்கு விசாரணை.

“கமராவிலை ஒண்டும் தெளிவில்லை, அண்ணை. குறுக்காலை ஒருத்தன் நிண்டிட்டான். நான் சொல்லுறதைத்தான் எடுப்பாங்கள்.”

“அந்தப் பெடியன் என்ன சொல்லுறான்?”

“நான் வேணுமெண்டு அடிச்சனாம்.”

“நம்புறாங்களோ?”

“இல்லை. அவன் பொய் சொல்லுறான் எண்டுதான் எல்லாரும் கதைக்கிறாங்கள். நடுவர் விசில்கூட ஊதேல்லையே.”

“ஏன் ஊதேல்லை?”

துவாரகன் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவன் கத்தேல்லை,” என்றான். “பெனியனைக் கடிச்சுக்கொண்டு கிடந்தான். ஒண்டுமில்லை எண்டு நினைச்சு நடுவர் ஆட்டத்தைத் தொடர விட்டிட்டார்.”

“நீயும் ஒண்டுமில்லை எண்டோ நினைச்சனீ?”

“எனக்கு முறிஞ்ச சத்தம் கேட்டது.”

பத்தண்ணை அடுத்த முடிச்சைப் போட்டார்.

உதைபந்தாட்டக்காரர் சும்மா உரசினாலே ஊரைக் கூட்டுவார்கள். புல்லில் உருளுவார்கள், முகத்தைப் பொத்துவார்கள். தொழிலில் அதுவும் ஒரு பாடம். கத்தாதவனுக்கு நடுவரின் விசில் கிடைக்காது.

துவாரகன் கத்தமாட்டான். முகாமுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஒருத்தன் முதன்முதலாக அவனுடைய முழங்காலில் உதைத்தபோது ஓவென்று அழுதான். அன்றைக்கு அவனுக்குப் பின்னால் கோலுக்குள் நின்றவர் பத்தண்ணை. “கத்தாதை. கத்தினா, வெளிநாட்டான் நடிக்கிறான் எண்டுவாங்கள்,” என்றார்.

அதை அவன் மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டான். விலா உடைந்தபோதும் கத்தவில்லை. பேப்பர்காரர் பாறை என்று எழுதினார்கள். பாறையாம்! நோவில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பதை அவனுடைய மனைவியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

“விசாரணையிலை உள்ளதைச் சொன்னா என்ன நடக்கும்?” என்று கேட்டார் பத்தண்ணை.

“உள்ளதெண்டா? பந்தைத்தான் அடிச்சனான் எண்டு சொல்லுறனே.”

“சரி. வேறை மாதிரிச் சொன்னா?”

“விளையாட விடமாட்டாங்கள். இந்த வருசத்தோடை ஒப்பந்தமும் முடியுது. என்ரை வயசிலை பிறகு ஆர் எடுக்கிறது?” துவாரகனின் குரல் தடித்தது. “நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வாழைப்பழத்தோலாலை எறிஞ்சவங்கள். நான் பேசாமல் நிண்டு விளையாடினனான். இப்ப ஒரு புதுப்பெடியன் வந்து என்னைத் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டு போறான். சனம் சிரிக்குது, அண்ணை. எங்கடை ஆக்களே சிரிக்கினம்.”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குப் பட்டது.

பத்தண்ணை வலையை இழுத்துப் பார்த்துவிட்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றார். பிள்ளைகளுக்குப் பழக்குவதற்காக, அடியில் ஆணி வைத்த சப்பாத்துப் போட்டிருந்தார். துவாரகன் செருப்போடு வந்திருந்தான்.

“நான் என்ன செய்யிறது? சொல்லுங்கோ, அண்ணை.”

பத்தண்ணை வலது காலைத் தூக்கி அவனுடைய பாதத்தின் மேல் வைத்தார். பிறகு உடம்புப் பாரம் முழுவதையும் அதில் இறக்கினார்.

துவாரகனின் முகம் வெளிறியது. பல்லைக் கடித்தான்.

“நோகுதோ?”

இல்லை என்று தலையை ஆட்டினான்.

பத்தண்ணை காலை எடுக்கவில்லை.

செருப்பு வாரின் ஓரத்தில் இரத்தம் கசிந்தது. துவாரகன் அவரைத் தள்ளியிருக்கலாம். அவனுடைய பலத்துக்கு அது பெரிய வேலை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“கத்தாதை எண்டு உனக்கு நான்தானே சொல்லித் தந்தனான்,” என்றார் பத்தண்ணை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இன்னும் அழுத்தினார்.

“பந்து எப்பவோ போயிட்டுது, அண்ணை!”

மைதானத்தின் அந்தக் கரையில் நாயோடு நடந்துபோன பெண் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“நான் பந்தைப் பாக்கவே இல்லை!” துவாரகன் கத்தினான். “அவன்ரை காலைத்தான் பாத்தனான்! காலுக்குத்தான் அடிச்சனான்!”

பத்தண்ணை காலை எடுத்தார்.