பக்கத்து அறைக்காரி

காட்டோடைக் கரையில் நின்ற ஒரு மருத மரத்தின் பொந்தில் தேனீக்கள் கூடு கட்டி வாழ்ந்தார்கள். அவர்களில் நுணா என்று ஒருத்தி இருந்தாள். குழந்தைகளுக்கு ஊட்டுகிற தாதி அவள்.

முட்டையிட்ட நாளில் காட்டில் எந்தப் பூ பூத்திருக்கிறதோ அதையே பிள்ளைக்குப் பெயராக வைப்பது அந்தக் கூட்டு வழக்கம். அதனால்தான் இவள் நுணா. அடையில் வரிசை வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு வெள்ளைப் புழு, எப்போதும் பசியோடு. ஒன்றையும் பட்டினி போடாமல் ஓடி ஓடி ஊட்டுவாள். வேலையில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பாள். பதில் சொன்னால் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஏன் கேட்பாள்.

அந்தக் கூட்டில் பிள்ளைகளின் முதல் உணவு வெள்ளைக் கூழ். அது பூவில் கிடைப்பதில்லை. தாதிகள் வயிறார மகரந்தம் தின்றால் அவர்கள் வாயில் ஊறுவது. முதல் சில நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான். அப்புறம் கூழ் மறக்கடிக்கிற நாள் வரும். கசக்கும் வேப்பம்பூ மகரந்தத்தைப் பிள்ளையின் வாயில் தடவிவிடுவார்கள். பிள்ளை முகத்தைச் சுளிக்கும். அன்றோடு கூழ் போச்சு. அதன் பிறகு மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டைதான்.

ராணிப் பிள்ளைக்கு மட்டும் அப்படியொரு நாள் கிடையாது. அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை போலப் பெரிய அறை கட்டி, அதில் கூழை நிரப்பி, கூழிலேயே மிதக்கவிட்டு வளர்ப்பார்கள்.

நுணாவுக்கு இது உறுத்தியது. ராணி அறைகளுக்குக் காவலாக இருந்த இலந்தை என்ற மூத்த தேனீயிடம் போய்க் கேட்டாள். இலந்தைக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது, ஏனென்றால் அவளுக்குப் பதில் சொல்லப் பிடிக்கும். ஆதியில் முதல் ராணி ஒரு சூரியக் கதிரின் மேல் சறுக்கி இந்தப் பொந்துக்குள் வந்து இறங்கினாளாம். அவள் காலில் ஒட்டியிருந்த தூசியிலிருந்து மற்ற தேனீக்கள் வந்தார்களாம். கதிர் வம்சம் வேறு, தூசி வம்சம் வேறு என்று சொல்லி முடித்தாள்.

நுணா விடவில்லை. இந்தக் கூட்டில் எல்லா முட்டையும் ராணி இட்டதுதானே, அப்படியானால் எல்லாரும் கதிர் வம்சம்தானே என்று கேட்டாள்.

"அது வேற முட்டை," என்றாள் இலந்தை.

நுணா உடனே போய்ப் பெரிய அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். சின்ன அறைக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு பெரியக்கா," என்றாள்.

"உன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

"சரி, சின்ன அறைப் பிள்ளைக்கும் கூழை நிறுத்தாம கொடுத்தா என்ன ஆகும்?"

"தூசி வம்சத்துக்கு அது செரிக்காதுடி. வயிறு வெடிச்சிடும்."

"யாருக்காவது வெடிச்சிருக்கா?"

"கொடுத்தாத்தானே வெடிக்கும்!"

இப்படிப்பட்ட பதிலுக்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? நுணா பிள்ளைகளுக்கு ஊட்டப் போய்விட்டாள். கேள்வி மட்டும் உள்ளேயே இருந்தது.

புங்க மரங்கள் பூத்துக் கொட்டிய காலத்தில் ஒரு கரடி வந்தது. மோப்பம் பிடித்து மரமேறி, பொந்துக்குள் கையை விட்டு, கிடைத்ததைப் பிய்த்து எடுத்தது. தேன் போயிற்று. சேர்த்து வைத்த மகரந்தம் போயிற்று. ராணி அறைகள் இருந்த கீழ் ஓரம் முழுவதும் போயிற்று. ராணியும் அந்தக் கைக்குள் நசுங்கிச் செத்தாள்.

கரடி போன பிறகு கூட்டில் வேலை நின்றுவிட்டது. ராணி இல்லையென்றால் முட்டை இல்லை. முட்டை இல்லையென்றால் இருப்பவர்கள் ஒவ்வொருவராகச் செத்து, பொந்து காலியாகிவிடும். எல்லாரும் அடையின் மேல் அப்பிக்கொண்டு, அழுகையா முனகலா என்று தெரியாத ஒரு குரலில் ரீங்கரித்தார்கள். மேட்டுப் பாறைக் கூட்டுக்கு ஆள் அனுப்பி ஓர் இளவரசியைக் கேட்டுப் பார்த்தார்கள். அங்கே வாசலிலேயே கொட்டி விரட்டினார்கள். கதிர் மறுபடி இறங்கும், பொறுமையாக இருங்கள் என்றாள் இலந்தை. பொறுமையாக இருந்தார்கள். கதிர் தினமும் இறங்கியது. அதில் யாரும் சறுக்கி வரவில்லை.

நுணா மட்டும் பிய்ந்த அடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மிச்சமிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கூழ் மறந்தவர்கள். இரண்டே இரண்டு பேர் மறக்கவில்லை. ஒரே நாளில் இட்ட முட்டைகள், பக்கத்துப் பக்கத்து அறைகள். நாளை அவர்களுக்கும் வேப்பம்பூ தடவ வேண்டும். நுணாவுக்குத் தலைக்குள் ஒன்று பளிச்சிட்டது. அவள் நேராகப் போய் எல்லார் நடுவிலும் நின்றாள்.

"இவங்களுக்குக் கூழை நிறுத்த வேணாம். ராணிப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரியே கொடுத்துப் பார்ப்போம்."

கூடே கொந்தளித்தது. பிள்ளை வயிறு வெடித்துச் சாகும், பாவம் சுற்றிக்கொள்ளும் என்று கத்தினாள் இலந்தை. நுணாவுக்கும் பயம்தான். அத்தனை நாள் கேட்டு வளர்ந்த கதை, இல்லை என்று சொன்னவுடன் போய்விடுமா? ஆனாலும் சொன்னாள்: "பிள்ளை செத்தா என்னைக் கொட்டி வெளியே தள்ளுங்க. சும்மா இருந்தா எல்லாருமே சாகப்போறோம்."

வேறு வழி தெரியாமல் ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் சேர்த்து வைத்த மகரந்தம்தான் கரடியோடு போய்விட்டதே. அன்றன்று பூவிலிருந்து வந்தது கொஞ்சம்தான். பசியோடிருந்த தாதிகள் எல்லாரும் சேர்ந்து ஊறவைத்த கூழ் ஒரு பிள்ளைக்குத்தான் போதும். யாருக்கு? நுணா இரண்டு அறைகளையும் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளும் ஒரே போல வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். ராணி அறை கீழ்நோக்கி நீள வேண்டும். இடப்பக்க அறைக்குக் கீழே கரடி பிய்த்ததில் இடம் காலியாக இருந்தது. வலப்பக்க அறைக்குக் கீழே அடை அப்படியே இருந்தது.

நுணா இடப்பக்கத்துப் பிள்ளைக்குக் கூழை ஊட்டினாள். வலப்பக்கத்துப் பிள்ளையின் வாயில் வேப்பம்பூ மகரந்தத்தைத் தடவினாள். அது முகத்தைச் சுளித்தபோது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அப்படி எத்தனையோ பிள்ளைகளுக்குத் தடவியிருக்கிறாள், ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை.

இடப்பக்கத்துப் பிள்ளையின் வயிறு வெடிக்கவில்லை. பிள்ளை நீண்டது, கொழுத்தது, மின்னியது. பக்கத்து அறைக்காரி இன்னும் மெழுகு மூடிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோதே இவள் மூடியை அறுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பொன்னிறத்தில், நெடுநெடுவென்று, அசல் ராணி!

முதலில் காலில் விழுந்தவள் யார் தெரியுமா? இலந்தைதான். அந்த அறையின் மேல் ஒரு கதிர் விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். முட்டையைப் பார்த்தபோதே தெரிந்தது என்றாள். இரண்டொரு நாளில் அந்தக் கதிரைப் பார்த்தவர்கள் பாதிக் கூடு ஆகிவிட்டார்கள். முட்டையிட்ட நாள் கணக்குப்படி புதியவளுக்குப் புங்கை என்றுதான் பெயர். ராணிக்குப் போய்ப் பூப்பெயர் வைப்பார்களா? கதிர்மகள் என்று கூப்பிட்டார்கள். அவளும் காலையும் மாலையும் அந்தக் கதிர்க் கதையைக் கேட்டே வளர்ந்தாள். கேட்கக் கேட்க அவள் நடையே மாறிவிட்டது.

வலப்பக்கத்து அறைக்காரி தாமதமாகத்தான் மூடியை அறுத்து வந்தாள். அவளை வரவேற்க யாரும் நிற்கவில்லை. அவள் வெறும் புங்கை. முதல் வேலையாகத் தான் பிறந்த அறையைத் தானே துடைத்துச் சுத்தம் செய்தாள். பிறகு குப்பை அள்ளினாள். பிறகு ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தாள். நுணா தினமும் இருவரையும் பார்த்து வந்தாள். கவலையா, வெறும் ஆவலா என்று அவளுக்கே தெரியாது. கோடை வந்தது. கூடு கொதித்தது. தண்ணீர் சுமந்து சுமந்து புங்கையின் இறக்கை ஓரம் நார் நாராகக் கிழிந்தது, முதுகு மயிர் உதிர்ந்து கறுத்தது. கதிர்மகளோ நேற்றுப் பிறந்தவள் போலவே இருந்தாள்.

ஒரு நாள் ராணி அடையில் நடந்து வந்தபோது, தண்ணீர் சுமந்து வந்த புங்கை தடுமாறி அவள் வழியில் சிந்திவிட்டாள். சுற்றி நின்றவர்கள் பதறினார்கள். ராணி கோபப்படவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஏன் இவ இவ்வளவு கிழவியா இருக்கா? பிறவியே இப்படியா?" என்று கேட்டாள்.

"ஆமா தாயே. தண்ணி சுமக்கிற பரம்பரை," என்றாள் இலந்தை.

நுணாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கூட்டைவிட்டு வெளியே போகாத வேலை என்பதால் அவள் இறக்கை தப்பியிருந்ததே தவிர, அவளுக்கும் வயதாகிவிட்டது. இனி யாருக்குப் பயப்பட?

"அவ கிழவி இல்ல தாயே. நீங்களும் அவளும் ஒரே நாள் முட்டை. பக்கத்துப் பக்கத்து அறை. ரெண்டு பேருக்கும் ஊட்டினது நான்தான்."

ராணி புங்கையைப் பார்த்தாள். புங்கை ராணியைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதுச் செய்திதான்.

நுணா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கரடி, கூழ், வேப்பம்பூ, எல்லாம். ராணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ ஏன் என்னை எடுத்தே? அவளை ஏன் எடுக்கல?"

"உங்க அறைக்குக் கீழே இடம் இருந்தது தாயே. வேற ஒண்ணும் இல்ல."

கதிரைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன இலந்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

புங்கை மெல்ல ராணியின் பக்கத்தில் வந்தாள். அவள் கோபித்துக்கொள்வாள், அழுவாள் என்று நுணா நினைத்தாள். அவள் கேட்டது வேறு.

"அந்தக் கூழ் எப்படி இருக்கும்?"

ராணி யோசித்தாள். "தெரியல," என்றாள். "நான் வேற எதையும் தின்னதே இல்ல."

அப்போதுதான் ராணிக்கு அழுகை வந்தது. தனக்கு வந்த கூழைப் புங்கைக்குக் கொடுக்கச் சொன்னாள். புங்கை ஒரு சொட்டை நக்கிப் பார்த்து, "முதல்ல நாங்களும் இதைத்தான் தின்னோமா? மறந்தே போச்சு," என்று சிரித்தாள். ஆனால் கிழிந்த இறக்கை கூழால் ஒட்டுமா? வளர வேண்டிய வயதில் கிடைக்காதது வளர்ந்த பிறகு கிடைத்து என்ன செய்ய? கூடு கொதிக்கிறது, பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று புங்கை மறுபடி ஓடைக்குப் பறந்தாள்.

அந்தக் கோடை முடியும் முன்பே ஒரு மாலையில் அவள் ஓடையிலிருந்து திரும்பவில்லை.

சேதி வந்தபோது ராணி முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு எல்லாரையும் கூப்பிட்டாள். கதிர்க் கதையை இனி எந்தப் பிள்ளைக்கும் சொல்லக்கூடாது, கரடி வந்த கதையைத்தான் சொல்ல வேண்டும் என்றாள். இலந்தைக்குத் தாங்கவில்லை. எல்லாருமே கூழ் கேட்டால் தண்ணீர் யார் சுமப்பது என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான்.

"அது எனக்கும் தெரியல," என்றாள் ராணி. "எல்லாருமாச் சேர்ந்து யோசிப்போம். ஆனா பரம்பரைன்னு மட்டும் இனி யாரும் சொல்லாதீங்க. அப்புறம், என் பேர் கதிர்மகள் இல்ல. புங்கை."

சொல்லிவிட்டு அடுத்த அறையில் முட்டையிட்டாள். வழக்கம் இல்லாத வழக்கமாக, தலையை உள்ளே விட்டு அந்தச் சின்ன வெள்ளை முட்டையைக் கூர்ந்து பார்த்தாள். பக்கத்து அறை முட்டையையும் பார்த்தாள். நுணா வெகுநாள் முன்பே பார்த்ததுபோல இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

பிறக்கும்போது எல்லாரும் ஒரே அளவுதான். ஊட்டிய உணவும் ஒதுக்கிய இடமும் ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தேய்த்துவிட, அதற்குப் பரம்பரை என்று பிறகு பெயர் வைத்துக்கொள்கிறோம்.